பட்டாளத்திலிருந்து நேர்காணல் மேசைக்கு: உடை குறித்த வாசகர் கேள்விகள்

படைப்பணி முடித்து வருகிறவர்கள் தனியார் நிறுவன நேர்காணலுக்கு என்ன உடுத்திப் போவது என்று கேட்டுச் சென்ற மாதம் தொடர்ந்து கடிதங்கள் வந்தன. கேள்வி சிறியதுதான் என்று சில வாசகர்கள் தயக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 15, 20 ஆண்டுகள் காலையில் எழுந்து எதை உடுத்துவது என்று யோசிக்கவே தேவையில்லாமல் வாழ்ந்தவருக்கு, நாற்பதை நெருங்கும் வயதில் அந்த யோசனை முதல்முறையாக வருகிறது. அதுவும் குடும்பத்தின் அடுத்த வருமானம் முடிவாகும் நாளில் வருகிறது. ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தரைப்படையில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. சீருடையில், பதக்கங்களோடு போனால்தான் மதிப்பு என்கிறார் என் தந்தை. அவரும் பட்டாளத்தில் இருந்தவர். சீருடையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அணியலாமா?
— முன்னாள் ஹவில்தார், வேலூர் மாவட்டம்

பதில்: சீருடை வேண்டாம். உங்கள் தந்தையின் ஆசை எனக்குப் புரிகிறது. கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் இருக்கிற மாவட்டம் உங்களுடையது. அந்த உடைக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு தோன்றாது. ஆனால் இப்போது நீங்கள் பணியில் இல்லை. படையில் இல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ அதைப் போன்ற உடையையோ அணிவதை, குற்றங்களுக்கான தண்டனைகளைச் சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு குற்றமாகவே சொல்கிறது. அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்களுக்கு அப்படி ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பது உறுதி. ஆயினும் நீங்கள் போவது பாதுகாப்பு வேலைக்கு என்பதால் இன்னொரு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தனியார் காவலரோ மேற்பார்வையாளரோ முப்படைகளின் அல்லது காவல்துறையின் சீருடையை, அல்லது அதன் தோற்றமும் அடையாளமும் உள்ள உடையை அணிந்தால், அவருக்கும் முகமையின் உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தத் துறையில் பழகிய மேலாளர், நேர்காணலுக்கே சீருடையில் வருகிறவரைக் கண்டால், இந்த விதி இவருக்குத் தெரியாது போலிருக்கிறதே என்றுதான் முதலில் நினைப்பார். முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த முன்னுரிமையை உங்கள் ஆவணங்களே பெற்றுத் தரும்.

சட்டத்தை விட்டுவிட்டாலும் எனக்கு வேறொரு கவலை உண்டு. நேர்காணல் மேசையின் அந்தப் பக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சீருடையில் ஒருவர் உள்ளே வந்தால் குழுவில் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கவே கூச்சம் வந்துவிடும். இரவுப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர்களை எப்படிக் கையாள்வீர்கள், வாயிலில் லாரி ஓட்டுநர் தகராறு செய்தால் என்ன செய்வீர்கள், உங்களைவிட வயதில் இளைய மேலாளர் உத்தரவிட்டால் ஏற்பீர்களா என்றெல்லாம் அவர்கள் கேட்க வேண்டும். உங்களுக்கு வேலை வாங்கித் தரப்போவது அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதில்கள்தான். சீருடையைப் பார்த்ததும் அவற்றை விழுங்கிவிட்டு, நாட்டுக்குச் செய்த சேவைக்கு நன்றி கூறி, மரியாதையாக அனுப்பிவைத்துவிடுவார்கள்.

ஆகவே நீங்கள் பட்டாளத்தில் மஃப்டி என்று சொல்லும் சாதாரண சிவில் உடையிலேயே போங்கள். வெளிர் நீலத்திலோ வெள்ளையிலோ முழுக்கைச் சட்டை, கருநீலம் அல்லது அடர் சாம்பல் நிறக் கால்சட்டை, கறுப்புத் தோல் ஷூ, அதே நிறத்தில் பெல்ட் ஆகியவை போதும். கால்சட்டை காக்கியாகவோ ஆலிவ் பச்சையாகவோ இருக்க வேண்டாம். அந்த நிறங்களில் எதைப் போட்டாலும் சீருடையில் பாதியை அணிந்து வந்தது போலத் தெரியும். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பதக்கங்களின் பெயர்கள் உங்கள் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கட்டும். பதக்கங்களை ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள் விழாவுக்கு இடது மார்பில் அணிந்து, தந்தையையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய ஆசையும் நிறைவேறும்.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. நல்ல சட்டை, பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் காலில் படையில் கொடுத்த பூட்ஸ், தோளில் புள்ளி போட்ட பட்டாளத்துப் பை, முறுக்கு மீசை என்றுதான் கிளம்புகிறார். சொன்னால் கோபப்படுகிறார். நான் சொல்வது தவறா?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: மூன்றில் இரண்டில் நீங்கள் சொல்வது சரி. கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அலுவலகக் கால்சட்டையோடு சேராது. துணி அதன் விளிம்பில் தட்டி மடிந்து நிற்கும். உட்காரும்போது லேஸ் கட்டிய பகுதி முழுவதும் வெளியே தெரியும். அமைதியான அலுவலகத் தரையில் அடி வைக்கிற ஓசையும் தனியாகக் கேட்கும். கயிறு கட்டும் சாதாரணத் தோல் ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதைத் தாமே பாலிஷ் போடும் கைப்பழக்கம் அவரிடம் இருக்கும். கடைக்காரர் போடுவதைவிட நன்றாகவே போடுவார்.

பையைப் பற்றி அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 2022 ஜனவரி 15 ராணுவ நாளில் தரைப்படை புதிய போர்க்களச் சீருடையை அறிமுகப்படுத்தியபோது, அதன் துணி வடிவத்தைத் தன் பெயரிலேயே பதிவுசெய்து, வெளிக்கடைகளில் யாரும் விற்கக் கூடாது என்று நடவடிக்கையும் எடுத்தது. அந்தத் துணி யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது என்பதில் படையே அவ்வளவு அக்கறை காட்டும்போது, அங்கே இருந்து வந்தவரே அந்தச் சாயலில் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது பொருத்தமா? கறுப்பிலோ பழுப்பிலோ சாதாரணக் கோப்புப் பை ஒன்று போதுமானது.

மீசையை விட்டுவிடுங்கள். ஒழுங்காகக் கத்தரித்த மீசைக்காக யாரும் வேலையை மறுப்பதில்லை. நுனிகள் கன்னத்தைத் தாண்டி நீண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். அதையும் அவர் நம்பிக்கை வைத்திருக்கும் முடிதிருத்துபவர் சொல்லட்டும். மூன்று மாதத்தில் ஒரு மனிதர் சீருடை, முகாம், கூட இருந்த நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு வந்திருக்கிறார். முகத்தில் இருப்பதையாவது அவருடைய முடிவுக்கு விடுவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கடற்படையில் எஞ்சின் பிரிவில் சீஃப் பெட்டி ஆஃபீசராக இருந்தேன். சென்னையில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையிலும், ஒரு நட்சத்திர ஓட்டலின் பராமரிப்புப் பிரிவிலும் நேர்காணல் இருக்கிறது. கோட்டு சூட்டு தைக்க வேண்டுமா? ரெடிமேட் சட்டை எதுவும் எனக்குச் சரியாக அமையவில்லை.
— தூத்துக்குடி வாசகர்

பதில்: தொழிற்சாலைக்குக் கோட்டு தேவையே இல்லை. பணிமனையைச் சுற்றிக் காட்டுவார்கள். வியர்த்துக் கொட்டும் கோட்டோடு கம்ப்ரஸரின் பக்கத்தில் நிற்பதைவிட, முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக் குனிந்து பார்க்கிறவரையே பராமரிப்பு மேலாளர் விரும்புவார். கழுத்துப் பட்டையும் (டை) வேண்டாம். சுழலும் இயந்திரத்தருகே அது ஆபத்து என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஓட்டல் வேறு வகை. அங்கே வேலை செய்வது எஞ்சின் அறையில் என்றாலும், விருந்தினர் நடமாடும் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதற்குக் கருநீலத்தில் தனிக் கோட்டு ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெளிர் நிறச் சட்டையோடு கழுத்துப் பட்டை மட்டும் அணிந்தாலே போதும். கடன் வாங்கிச் சூட்டு தைக்காதீர்கள்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை மட்டும் வேண்டாம். கடற்படையில் பல ஆண்டுகள் வெள்ளையில் இருந்தவர்களின் கை தானாகவே அந்த நிறத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் மேலும் கீழும் வெள்ளை அணிந்து வருகிறவரைக் கட்சிக்காரர் என்றே நினைத்துவிடுவார்கள்.

ரெடிமேட் அமையாததற்குக் காரணம் உங்கள் உடலமைப்பு. படையில் இருந்தவர்களுக்குத் தோளும் மார்பும் விரிந்து, இடுப்பு அதற்கேற்ற அளவு இல்லாமல் குறுகியிருக்கும். மார்புக்குச் சரியாக 42ஆம் அளவை எடுத்தால் இடுப்பருகே துணி பை போலத் தொங்கும். 40 எடுத்தால் பொத்தான்களுக்கு நடுவே பிளந்து நிற்கும். தோளுக்குச் சரியாக இருக்கும் அளவையே வாங்குங்கள். சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும், ஏனென்றால் அதைப் பிரித்துத் திருத்துவது கடினம். பக்கவாட்டுத் தையலைப் பிடித்துக் குறைப்பது எந்தத் தையற்கடையிலும் சிறிது நேரத்து வேலை. கால்சட்டையின் நீளத்தைப் போட்டுக்கொள்ளப்போகும் ஷூவோடு நின்று அளவெடுக்கச் சொல்லுங்கள்; துணி ஷூவின் மேல் லேசாக ஒரு மடிப்பு விழுந்து நின்றால் போதும். ஓய்வுக்குப் பிறகு நடையும் ஓட்டமும் குறைந்து இடுப்பு கூடியிருந்தால், பழைய கால்சட்டையை மூச்சைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நேர்காணலில் பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே இருப்பீர்கள். வீட்டிலேயே போட்டு அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இன்னும் எட்டு மாதத்தில் டிஸ்சார்ஜ். ஜம்மு பகுதியில் பணியில் இருக்கிறேன். ஒரு நிறுவனம் வீடியோ வழியாக நேர்காணல் வைத்திருக்கிறது. என்னிடம் இங்கே சிவில் உடை அதிகம் இல்லை. சீருடையிலேயே உட்காரலாமா?
— வாசகர், படைப்பிரிவு முகவரி

பதில்: கூடாது. பணியில் இருக்கும்போது சீருடை அரசுப் பணிக்கானது. தனியார் வேலைக்காக அதில் உட்கார்ந்தால் படையே உங்களை அனுப்பியது போன்ற தோற்றம் வரும். காலர் வைத்த ஒற்றை நிறச் சட்டை ஒன்று இருந்தால் போதும், நெஞ்சுக்கு மேல்தான் தெரியப்போகிறது. நெருங்கிய கட்டம் போட்ட சட்டை காமிராவில் கண்ணைக் கூசவைக்கும். உடையைவிடப் பின்னணியில் அதிகக் கவனம் வையுங்கள்: தங்குமிடத்தின் பெயர்ப்பலகை, வரைபடம், தொங்கும் சீருடை, தளவாடம் எதுவும் படத்தில் விழக் கூடாது. வெறும் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். வெளி வேலைக்கு விண்ணப்பிப்பதற்கும், இப்படி வீடியோவில் பேசுவதற்கும் உங்கள் பிரிவின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதி தாமதமாகும் என்று தெரிந்தால், விடுப்பில் ஊருக்கு வரும் நாட்களில் நேர்காணலை வைத்துக்கொள்ள முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: குறுகிய காலப் பணியில் சேர்ந்து, 10 ஆண்டுகள் முடித்து மேஜராக வெளியே வருகிறேன். கோவையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் செயல்பாட்டு மேலாளர் பதவிக்கு நேர்காணல். புடவையா, கால்சட்டையும் கோட்டுமா? படையில் இருந்த பெண் என்றாலே கடுமையானவள் என்று நினைப்பார்கள், சற்று மென்மையாகத் தெரியும்படி உடுத்து என்கிறார் என் அக்கா.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அக்காவின் அக்கறைக்கு மதிப்பு உண்டு, அறிவுரையை மட்டும் ஏற்க வேண்டாம். சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பெண்கள் பயிற்சி பெறத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அங்கே தேறி, நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொறுப்பேற்று, வாகனங்களையும் பொருட்களையும் நகர்த்திய அனுபவத்துக்காகத்தான் இந்த நிறுவனம் உங்களை அழைத்திருக்கிறது. அந்த அனுபவத்தின் உறுதியை உடையால் மறைக்க வேண்டிய தேவை எங்கே வந்தது? உறுதியான பெண் மேலாளரைக் கண்டு தயங்குகிற நிறுவனமாக இருந்தால், அது சேரும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுவது நல்லது.

புடவையோ கால்சட்டையோ, எதில் வேகமாக நடந்து, மாடிப்படி ஏறி, உட்கார்ந்து எழுவது உங்களுக்கு இயல்போ அதையே தேர்ந்தெடுங்கள். பத்தாண்டுகளாகப் புடவையை விழாக்களுக்கு மட்டும் கட்டியவராக இருந்தால் இந்த நாளில் சோதித்துப் பார்க்க வேண்டாம். கிடங்கைச் சுற்றிக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்பதால் நானாக இருந்தால் கால்சட்டையும் பருத்திச் சட்டையும், மேலே மெல்லிய கோட்டும் என்றே சொல்வேன். புடவை என்றால் கஞ்சி போட்ட பருத்தியில், கரை சிறியதாக, மடிப்புகளைச் சரியாகக் குத்திக்கொண்டு போங்கள். செருப்பின் குதிகால் தட்டையாக இருக்கட்டும். ரெஜிமெண்ட் சின்னம் தைத்த பிளேசரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்; கோட்டு மடிப்பில் அந்தச் சின்னத்தின் சிறிய பின் ஒன்று குத்திக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: அமெரிக்கத் தரைப்படையில் இருக்கும் என் மகன் அடுத்த ஆண்டு வெளியே வருகிறான். அங்கே இந்த வழக்கம் எப்படி?
— வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அங்கேயும் இதே வழிதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1334.01 எண் விதி, அரசே ஆதரவு தருவது போன்ற தோற்றம் வரக்கூடிய இடங்களில் தனியார் வேலை சார்ந்து சீருடை அணிவதைத் தடுக்கிறது. பணியின் கடைசி 180 நாட்களுக்குள் தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெற வழிசெய்யும் ஸ்கில்பிரிட்ஜ் திட்டத்தில் உங்கள் மகன் சேர முடிந்தால், அந்த நிறுவனத்தில் எல்லோரும் எப்படி உடுத்துகிறார்கள் என்பதை நேரிலேயே பார்த்துக்கொள்வார். வங்கி, ஆலோசனை நிறுவனங்களுக்கு முழு சூட்டும், மென்பொருள் நிறுவனங்களுக்குக் காலர் சட்டையும் தனிக் கோட்டும் பொதுவாகப் பொருந்தும்.

கேள்வி: எல்லையில் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தேன். புனேயில் செயற்கைக் கால் பொருத்தினார்கள், நன்றாகவே நடக்கிறேன். ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நேர்காணல். கால் தெரியாதபடி உடுத்த வேண்டுமா, தெரிந்தால் பரவாயில்லையா?
— முன்னாள் நாயக், மதுரை

பதில்: மறைப்பதும் காட்டுவதும் முழுக்க உங்கள் விருப்பம், இரண்டிலும் தவறு எதுவும் இல்லை. நான் கவலைப்படுவது அன்றைய நாள் முழுவதும் உங்களுக்கு வலி இல்லாமல் இருக்க வேண்டுமே என்பதைப் பற்றித்தான். அதற்குச் சில செய்திகள் முக்கியம்.

முதலில் ஷூ. செயற்கைக் காலைப் பொருத்தும்போது, அப்போது போட்டிருந்த ஷூவின் குதிகால் உயரத்தை வைத்துத்தான் அதன் நிலையைச் சரிசெய்திருப்பார்கள். நேர்காணலுக்காகக் குதிகால் கூடுதலான புது ஷூ வாங்கினால் உடல் முன்பக்கம் தள்ளப்படும். குறைவான ஷூ என்றால் பின்னுக்கு இழுக்கும். இரண்டிலும் நடை மாறி, முழங்காலிலும் இடுப்பிலும் வலி வரும். பழைய ஷூவின் குதிகாலை அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள். வேறு உயரம்தான் வேண்டும் என்றால் கால் பொருத்துநரிடம் ஷூவோடு போய் நிலையை மாற்றிக்கொள்ளுங்கள். கால்சட்டைக்குச் செயற்கைக் காலை அணிந்தபடியே அளவு கொடுங்கள், நின்றும் உட்கார்ந்தும். உட்காரும்போது சாக்கெட்டின், அதாவது எஞ்சிய கால் உள்ளே பொருந்தும் கிண்ணம் போன்ற பகுதியின், மேல்விளிம்பு முழங்காலருகே புடைக்கும்; இறுக்கமான துணி அங்கே பிடித்துக்கொள்ளும். ஆகவே முழங்காலிலும் கீழ்விளிம்பிலும் சற்று அகலம் விட்டு, நேர்வெட்டாகத் தைக்கச் சொல்லுங்கள்.

பகலில் நேரம் செல்லச் செல்ல எஞ்சிய காலின் பருமன் குறைந்து சாக்கெட் தளர்வதும், அதற்காக அந்தக் காலின் மேல் கூடுதலாக ஒரு துணியுறை போட்டுக்கொள்வதும் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். மாற்று உறைகளைக் கோப்புப் பையிலேயே வைத்துக்கொண்டு, சற்று முன்னதாகவே போய், கழிவறையில் நிதானமாகச் சரிசெய்துகொள்ளுங்கள். படிகளோ நீண்ட நடையோ சிரமம் என்றால் மின்தூக்கி உள்ள வழியை வாயிலிலேயே கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. வங்கிகளும் அதில் அடங்கும். காலைப் பற்றிக் குழுவினர் கேட்டால், நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: மகன் அக்னிவீராகச் சேர்ந்த முதல் அணியில் இருக்கிறான். நான்கு ஆண்டு முடிந்து, நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவான். வயது 22. வேலை தேட நல்ல சூட்டு ஒன்று தைத்து வைக்கலாம் என்று நினைக்கிறேன்.
— தந்தை, ராமநாதபுரம்

பதில்: சூட்டு வேண்டாம். நான்கு ஆண்டு முடிவில் சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாக வரும் சுமார் 11.71 லட்சம் ரூபாயில் முதல் செலவு அதுவாக இருக்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம். 22 வயதுக்காரர் நாற்பது வயது அதிகாரியைப் போல உடுத்தி வந்தால், ஆரம்பநிலை வேலைக்கு நேர்காணல் செய்கிறவர்களுக்கு அது பொருந்தாமல் தெரியும். அவரோடு வரிசையில் உட்காரப்போகிறவர்கள் அதே வயதுக் கல்லூரி மாணவர்கள். அவர்களில் பலர் கசங்கிய சட்டையில் வருவார்கள். உங்கள் மகனின் சட்டை மடிப்புக் குலையாமல் இருக்கும், அதுவே அவரைத் தனித்துக் காட்டிவிடும். இளம் வீரர்களிடம் நான் காணும் குறை வேறு: வெளியே வந்ததும் ஜீன்ஸ், விளையாட்டு ஷூ, படையின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் இவற்றிலேயே எல்லா இடத்துக்கும் போய்விடுகிறார்கள். நேரடித் தேர்வு முகாமாக இருந்தாலும் அவை வேண்டாம்.

வெளிர் நிறத்தில் இரண்டு முழுக்கைச் சட்டைகள், அடர் நிறத்தில் ஒரு கால்சட்டை, ஒரு ஜோடித் தோல் ஷூ, கால்சட்டை நிறத்தில் கெண்டைக்கால் வரை ஏறும் காலுறை ஆகியவற்றை உள்ளூர்க் கடையிலேயே வாங்கிவிடலாம். இப்போது விடுப்பில் வரும்போதே தைக்கக் கொடுத்தால், பயிற்சியில் இருக்கும் உடம்புக்கு எடுத்த அளவு ஊருக்கு வந்து சில மாதங்களில் மாறிவிடும். அவர் வந்து இறங்கிய பிறகு அளவு கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் கால்சட்டையின் பின்தையலுக்குள் ஓர் அங்குலம் துணி விட்டுவைக்கும்படி தையற்காரரிடம் சொல்லிவிடுங்கள்.